‘ஒரு பாதுகாப்புக்கு’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 24. சென்னையில் ஒரு ஹோட்டல் கிச்சனில் கமியாக (இளநிலைச் சமையல்காரராக) இருக்கிறேன். என் கத்திகளை நைஃப் ரோலில் சுருட்டி, முதுகுப் பையில் வைத்து பைக்கில் போய் வருவேன். போன மாதம் டின்னர் ஷிஃப்ட் முடிந்து இரவு 12.40-க்குத் திரும்பும்போது வாகனத் தணிக்கையில் பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே 10 அங்குல செஃப் நைஃப், எலும்பிலிருந்து கறியைப் பிரிக்கிற போனிங் நைஃப், தோல் சீவுகிற சின்ன பேரிங் நைஃப், கூடவே ஆன்லைனில் 650 ரூபாய்க்கு வாங்கிய ஒரு பட்டன் கத்தி. “இது எதுக்கு?” என்றார் ஏட்டு. “ராத்திரியில தனியா வர்றேன் சார், ஒரு பாதுகாப்புக்கு” என்றேன். ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் விடியும்வரை உட்கார வைத்தார்கள். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். காலையில் எங்கள் செஃப் வந்து பேசிய பிறகு ரோலைத் தந்துவிட்டு, பட்டன் கத்தியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எத்தனை அங்குலம் வரை கத்தி வைத்துக்கொள்ளலாம்? ஆன்லைனில் பகிரங்கமாக விற்பதை வாங்கியது எப்படித் தப்பாகும்? சிவகங்கைப் பக்கம் எங்கள் வீட்டில் தாத்தா காலத்து வாள் ஒன்று இருக்கிறது, அதனால் சிக்கல் வருமா? ஜனவரியில் வேலைக்கு லண்டன் போகிறேன், என் கத்திகளை எடுத்துப்போகலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: தம்பி, உங்களை அன்று ராத்திரி முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தது அந்த ‘ஒரு பாதுகாப்புக்கு’ என்ற வார்த்தைதான் என்று நினைக்கிறேன். 10 அங்குலக் கத்தியைப் பார்த்து ஏட்டு கொஞ்சம் திடுக்கிட்டிருப்பார், அவ்வளவுதான். ஹோட்டல் அடையாள அட்டையைக் காட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் அனுப்பியிருப்பார்.

ஏன் என்று சொல்கிறேன். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 2-ஆம் பிரிவில் ‘ஆயுதம்’ என்றால் என்ன என்று சொல்கிறது. தாக்குவதற்கோ தற்காத்துக்கொள்வதற்கோ ஆயுதமாகச் செய்யப்பட்ட, அல்லது அப்படி மாற்றியமைக்கப்பட்ட எந்தப் பொருளும் ஆயுதம். வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ மட்டுமே செய்யப்பட்டவை ஆயுதம் அல்ல. சாதாரணக் கைத்தடியைச் சட்டமே உதாரணம் காட்டுகிறது. அந்த வரையறையில் ‘தற்காத்துக்கொள்வதற்கோ’ என்று இருப்பதை இன்னொரு முறை படியுங்கள். ஊரில் எல்லோரும் நினைப்பது, ‘தாக்கத்தானே கூடாது, தற்காப்புக்கு வைத்துக்கொண்டால் என்ன’ என்று. சட்டம் இரண்டையும் ஒரே தட்டில்தான் வைத்திருக்கிறது. பேரிங் நைஃபைக் காட்டி ‘உருளைக்கிழங்கு சீவ’ என்றால் அது சமையல் கருவி. அதையே காட்டி ‘பாதுகாப்புக்கு’ என்றால், அதை ஆயுதம் என்று நீங்களே சாட்சி சொல்கிறீர்கள்.

‘அப்போ தற்காப்பு உரிமை என்பதே கிடையாதா’ என்று கேட்பீர்கள். இருக்கிறது. பழைய இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) 34 முதல் 44 வரையான பிரிவுகள் முழுக்க அதைப் பற்றித்தான். உயிருக்கு ஆபத்து வரும் அந்த நேரத்தில், தேவையான அளவுக்கு மேல் போகாமல், எதிர்த்துத் தடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. அது சம்பவம் நடக்கும்போது பிறக்கிற உரிமை. வராத திருடனை எதிர்பார்த்துத் தினமும் இடுப்பில் கத்தி செருகிக்கொண்டு அலைவதற்கான அனுமதிச் சீட்டாக அதைக் காட்ட முடியாது.

சரி, அங்குலக் கணக்குக்கு வருவோம். 9 அங்குலம் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த எண் பொய்யில்லை, ஆனால் பாதிதான் சொல்லப்படுகிறது. ஆயுத விதிகளின் அட்டவணையில், துப்பாக்கி அல்லாத ஆயுதங்களுக்கு ஐந்தாவது வகை என்று ஒன்று உண்டு. வாள், குத்துவாள், ஈட்டி இவற்றோடு, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகளும் அதில் வரும். அதே வரியிலேயே, வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் பயன்பாட்டுக்கென்று செய்யப்பட்டவை நீங்கலாக என்றும் இருக்கிறது. ஆக உங்கள் 10 அங்குல செஃப் நைஃப் அளவைத் தாண்டினாலும் கவலையில்லை, அது சமையலறைக்கென்றே செய்தது. உங்கள் ஊர்ப் பக்கம் திருப்பாச்சேத்தியில் அடிக்கிற அரிவாளை ஸ்கேல் வைத்து அளந்தால் எது தேறும்? கருப்பண்ணசாமிக்கு நேர்ந்துகொண்டு ஆளுயர அரிவாள் செய்துகொண்டு போகிறார்களே, அதற்கு எந்த அட்டவணை?

அப்படியென்றால் 9 அங்குலத்துக்குக் குறைவாக எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாமா? அங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். அந்த அட்டவணை லைசென்ஸ் விஷயத்துக்கானது. துப்பாக்கிக்கு நாடு முழுக்க லைசென்ஸ் வேண்டும். கத்தி, வாள் போன்றவற்றை வைத்திருக்கவும் எடுத்துச்செல்லவும் லைசென்ஸ் வேண்டுமென்றால், 4-ஆம் பிரிவின்படி இன்ன பகுதியில் இன்ன வகை ஆயுதத்துக்கு என்று அரசிதழில் அறிவிக்கை வந்திருக்க வேண்டும். டெல்லியில் 1980-இல் அப்படி ஒன்று வந்தது. ஸ்பிரிங்கிலோ பட்டனிலோ திறக்கிற கத்தி, அலகு நீளம் 7.62 செ.மீ., அகலம் 1.72 செ.மீ. என்ற அளவை எட்டினால் அதற்குள் வரும். 7.62 செ.மீ. என்றால் வெறும் 3 அங்குலம். இந்த மாதிரி வழக்கு வக்கீலான என் மேசைக்கு வந்தால் குற்றப்பத்திரிகையில் நான் முதலில் தேடுவது அந்த அறிவிக்கையின் எண்ணும் தேதியும்தான். பட்டன் கத்தியோடு பிடிபட்ட ஒருவரின் வழக்கை 2025-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. டெல்லி அறிவிக்கை கட்டுப்படுத்துவது தயாரிப்பையும் விற்பனையையும் விற்பனைக்காக வைத்திருப்பதையும். அவர் எதற்காக வைத்திருந்தார் என்று குற்றப்பத்திரிகையில் ஒரு வார்த்தைகூட இல்லை. நல்ல தீர்ப்புதான். ஆனால் அதை வாங்க அந்த மனிதர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

நடைமுறையில் உங்களைப் போன்றவர்களைத் தொடுகிற பிரிவு வேறு. ஆயுதச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு. லைசென்ஸ் இருக்கிறதோ இல்லையோ, ஆயுதத்தை ஒருவர் எடுத்துச்செல்கிற விதமோ சூழ்நிலையோ, சட்டவிரோதக் காரியத்துக்குத்தான் போகிறார் என்று நியாயமான சந்தேகம் தந்தால், வாரண்ட் இல்லாமல் கைது செய்து ஆயுதத்தைக் கைப்பற்றலாம். அந்த அதிகாரம் போலீசுக்கு மட்டுமில்லை, ரயிலில் வேலை பார்க்கிற ஊழியருக்கும் உண்டு. ‘விதம், சூழ்நிலை’ என்ற இரண்டு சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடும். மணி என்ன, எந்த இடம், கத்தி பைக்குள்ளா இடுப்பிலா, கேட்டதும் என்ன பதில் வந்தது.

சில வருடங்களுக்கு முன் ஓர் இளநீர் வியாபாரிக்காக ஆஜரானேன். வியாபாரம் முடிந்ததும் தள்ளுவண்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, அரிவாளை மட்டும் சாக்கில் சுற்றி டி.வி.எஸ். எக்ஸெலில் கால் வைக்கிற இடத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர். வண்டியிலேயே விட்டால் காலையில் அரிவாள் இருக்காது. முந்தின நாள் அந்த வட்டாரத்தில் ஒரு வெட்டுக் கொலை. தணிக்கையில் இருந்தவர்கள் பார்த்தது, ராத்திரி பத்தரை மணிக்கு அரிவாளோடு போகிற ஆளை. மனிதர் பதற்றத்தில் வாயே திறக்கவில்லை. ஜாமீன் மனு வந்த அன்று, பொருளை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று நடுவரிடம் கேட்டுக்கொண்டேன். சாக்கைப் பிரித்தார்கள். அலகின் அடியில் மட்டை நார் ஒட்டிக் காய்ந்திருந்தது. இளநீர்க் கறை ஏறி இரும்பு கறுத்துப்போயிருந்தது. பிடியில் பழைய சைக்கிள் ட்யூப் சுற்றியிருந்தது. நடுவர் எதுவும் பேசவில்லை. அரசு வழக்கறிஞரை ஒரு பார்வை பார்த்தார், அவரும் எதிர்ப்புச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். ஜாமீன் அன்றே கிடைத்தது. வழக்கு ஒருவழியாக முடிய 14 மாதம் ஆனது. 14 மாதமும் வாய்தாவுக்கு வாய்தா கடை போடாமல் வந்து நின்றார்.

போலீஸ் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2021 செப்டம்பரில் தென்மாவட்டங்களில் பழிக்குப் பழி கொலைகள் அடுத்தடுத்து விழுந்தபோது, அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு மாநிலம் முழுக்க ரெய்டு நடத்தச் சொன்னார். அரிவாள், கத்தி செய்கிற பட்டறைகளும் விற்கிற கடைகளும் வாங்குகிறவர் விவரத்தைப் பதிந்து வைக்க வேண்டும், கேமரா மாட்ட வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். 2018-இல் சென்னைக்கு வெளியே ஒரு ரவுடியின் பிறந்தநாள் விழாவில் அரிவாளால் கேக் வெட்டி, எழுபதுக்கும் மேற்பட்டோர் ஒரே ராத்திரியில் பிடிபட்ட கதை உங்களுக்கும் நினைவிருக்கும். ராத்திரி பையைத் திறக்கிற ஏட்டின் மனதில் இதெல்லாம்தான் ஓடும், காய்கறியைத் தீக்குச்சி போல நறுக்குகிற உங்கள் ஜூலியன் கட் ஓடாது.

பட்டன் கத்திக்கு வருகிறேன். ஆன்லைனில் விற்கிறார்களே என்பது எந்த நீதிமன்றத்திலும் வாதமாகாது. விற்கிறவர் அதை ‘கேம்பிங் நைஃப்’ என்றோ பழம் வெட்டும் கத்தி என்றோ பெயர் போட்டிருப்பார். நீங்கள் அதை என்ன சொல்லிப் பையில் வைத்திருந்தீர்கள் என்பதுதான் கேள்வி. பட்டனைத் தட்டியதும் அலகு பாய்கிற கத்திக்குச் சமையலறையில் ஒரு வேலையும் கிடையாது, அது உங்களுக்கே தெரியும். அந்த 650 ரூபாயை மறந்துவிடுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 503-ஆம் பிரிவின் கீழ் மனுப் போட்டுப் பொருளைத் திரும்பக் கேட்கலாம்தான். ஆனால் வக்கீல் செலவு ஒருபுறம், ‘இந்தக் கத்தி என்னுடையதுதான்’ என்று நீங்களே எழுதிக் கொடுப்பது ஒருபுறம். என் கட்சிக்காரராக இருந்தால் வேண்டாம் என்பேன்.

அதைவிட எனக்கு உறுத்துவது நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள். அதில் என்ன இருந்தது என்று எழுதவில்லை, படிக்காமல் போட்டிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ரொம்பப் பயப்பட வேண்டாம். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றம் ஏற்காது. ஆனால் வழக்குப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும், அதுவும் வெளிநாடு போகப்போகிற நேரத்தில். தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் ஸ்டேஷன் பெயரையும் தேதியையும் போட்டு எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா, சி.எஸ்.ஆர். (எஃப்.ஐ.ஆர். போடாமல் புகாரை மட்டும் பதிந்து தருகிற ரசீது) இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. இன்னொரு வழியும் உண்டு. வழக்கே போடாமல், பி.என்.எஸ்.எஸ். 126 முதல் 129 வரையான பிரிவுகளில், நன்னடத்தைக்குப் பிணை எழுதித் தரச் சொல்லி நிர்வாக நடுவரிடமிருந்து சம்மன் வரலாம். ‘கேஸ் இல்லப்பா, சும்மா ஒரு பாண்டு’ என்று யாராவது சொன்னால் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீலோடு போங்கள். அந்தப் பாண்டை மீறியதாகச் சொன்னால் உள்ளே போக வேண்டிவரும்.

விடியும்வரை உட்கார வைத்ததைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், உங்கள் வீட்டுக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். கைது இல்லையென்றால் அனுப்பிவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ‘சும்மா உட்காரு’ என்று ஒரு நிலை சட்டத்தில் கிடையாது. பொருளைக் கைப்பற்றினால் அதற்கு மகஜர், அதாவது சாட்சிகள் முன் எழுதும் பறிமுதல் குறிப்பு, எழுத வேண்டும். இப்போது பி.என்.எஸ்.எஸ். 105-இன்படி கைப்பற்றுவதை மொபைலிலாவது வீடியோ எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் நடுரோட்டில் நின்று பிரிவு எண் ஒப்பிக்கச் சொல்லவில்லை, அது வேலைக்கும் ஆகாது. ‘சார், மகஜர் நகல் ஒண்ணு குடுங்க’ என்று தன்மையாக ஒரு முறை கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் தேதி, நேரம், இடம், பேட்ஜில் பார்த்த பெயர் எல்லாவற்றையும் வீட்டுக்கு வந்ததும் எழுதி வையுங்கள். பிறகு எப்போதாவது உதவும்.

இனிமேல் கத்தியை எப்படி எடுத்துப் போவது? ரோலில் சுருட்டி, ஒவ்வொரு அலகுக்கும் உறை போட்டு, பையின் அடியில், மேலே ஏப்ரனையும் செஃப் கோட்டையும் வையுங்கள். பையைத் திறந்ததும் கண்ணில் முதலில் படுவது சமையல்காரனின் துணிமணியாக இருக்கட்டும். டேங்க் கவரில், சீட்டுக்கு அடியில், இடுப்பில் வேண்டவே வேண்டாம். செஃபிடமோ எச்.ஆரிடமோ ஹோட்டல் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்குங்கள். இன்னார் எங்கள் கிச்சனில் வேலை செய்கிறார், கீழ்க்கண்ட கத்திகள் அவருடைய வேலைக் கருவிகள், வழக்கமான ஷிஃப்ட் நேரம் இது, இந்த எண்ணில் உறுதி செய்துகொள்ளலாம் என்று நாலு வரி போதும். சட்டப்படி அப்படி ஒரு கடிதம் கட்டாயமில்லை, ஆனாலும் நடுராத்திரியில் வாய்ச்சொல்லைவிடத் தாளுக்கு மதிப்பு. வாரத்தில் ஆறு நாளும் அதே கிச்சன்தான் என்றால் லாக்கரிலேயே பூட்டிவிட்டு வருவது இன்னும் நல்லது. லீவு நாளில் நண்பர்களோடு கடற்கரைக்குப் போகும்போது அதே பை, அதே ரோல் தோளில் தொங்கினால் கடிதம் காப்பாற்றாது.

கையில் கத்தி இருக்கும்போது ஒரு வாய்த்தகராறு வந்தால் கணக்கே மாறிவிடும் என்பதையும் மனதில் வையுங்கள். கத்தியைக் காட்டி ‘கொன்னுடுவேன்’ என்றால் பி.என்.எஸ். 351(3), பழைய இ.பி.கோ. 506(2), ஏழு ஆண்டு வரை சிறை. கீறினால்கூட 118(1), மூன்று ஆண்டு வரை. அப்போது அது ஜப்பான் ஸ்டீலா, பழம் வெட்டும் கத்தியா என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

தாத்தாவின் வாள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறவரை யாரும் வந்து கேட்கப்போவதில்லை. ஆயுத பூஜைக்குத் துடைத்துப் பொட்டு வையுங்கள், சாணை பிடிக்க எடுத்துப் போகாதீர்கள். வாள் ஐந்தாவது வகையில் பெயர் சொல்லியே இருப்பதால், வீட்டுக்கு வெளியே கொண்டுபோக ‘வீட்டு உபயோகம்’ என்ற விலக்கு அதற்குக் கிடைக்காது. ஊரில் தம்பிமார்கள் யாராவது அதைத் தூக்கிப் பிடித்து ரீல்ஸ் போடுகிறார்களா என்று பாருங்கள். இப்போதெல்லாம் ஸ்டேஷனுக்கு வருகிற வாள் வழக்குகளில் பல போனில்தான் ஆரம்பிக்கின்றன. லண்டனுக்கு எடுத்துப் போகலாமா என்ற ஆசை இருந்தால் அதையும் விடுங்கள். 100 ஆண்டு பழசென்றால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது.

லண்டனில் சட்டம் இன்னும் நேரடியானது, இன்னும் கறாரானது. 1988-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், 139-ஆம் பிரிவு. பொது இடத்தில் கூர்முனை உள்ள எதை வைத்திருந்தாலும் குற்றம், நாலு ஆண்டு வரை சிறை. விலக்கு ஒன்றுதான்: வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குப் பேனாக்கத்தி. திறந்ததும் லாக் ஆகிற கத்தி அந்த விலக்கில் வராது. மற்ற எதை வைத்திருந்தாலும் தகுந்த காரணத்தை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். வேலைக்கான கருவி என்பது சட்டமே ஏற்கிற காரணம், அதனால் கிச்சனுக்குப் போகும்போதும் வரும்போதும் ரோல் இருக்கலாம். ஷிஃப்ட் முடிந்து நேராக வீட்டுக்குப் போகாமல் பப்புக்குப் போனால் அந்தக் காரணம் நீர்த்துவிடும். ‘பாதுகாப்புக்கு’ என்ற பதில் அங்கே சென்னையைவிட மோசமாக வேலை செய்யும். பட்டன் கத்தியை அங்கே 2021 ஜூலையிலிருந்து வீட்டுக்குள் வைத்திருப்பதும் குற்றம். அன்று ஸ்டேஷனில் அதைப் பிடுங்கிக்கொண்டவர் உங்களுக்கு ஒருவகையில் உதவிதான் செய்திருக்கிறார்.

விமானத்தில் கத்திகள் எல்லாமே செக்-இன் பெட்டியில்தான், அதுவும் உறை போட்டு. கிளம்புகிற அன்று லேப்டாப் பையின் சின்ன அறைகளையும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். பேரிங் நைஃப் ஒன்று பேனாவோடு பேனாவாக அங்கேதான் கிடக்கும்.